பாலசமுத்திரத்துக்கு வந்து சேர்ந்த சத்திரம்

அலிபிரியில் இருந்த வேங்கடாசலம் குடும்ப அறக்கட்டளைச் சத்திரம், வழக்கு வாய்தா போன ஒவ்வொரு நாளும் ஒரு மைல் தெற்கே நகர்ந்தது. வரி நோட்டீஸ் ஒட்ட வந்தவர் சுவரைக் காணாமல் பக்கத்து வேப்பமரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். படுத்திருந்த யாத்ரீகர்கள் வடமாலைப்பேட்டையில் கண் விழித்து, அங்கேயே பல் விளக்கிவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். டிக்கெட் காசைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

இத்தனைக்கும் காரணம் செங்கமலம் செய்த ஒரு தப்பு. மலையேறுபவர்களுக்குச் சோறு போட அவள் அப்பா ஆரம்பித்த அறக்கட்டளையை அவருக்குப் பின் அண்ணன் எத்திராஜ் நடத்தினார். சத்திரத்துக்குக் கூரை போடும் நேரத்தில் கையிருப்பு தீர்ந்தது. பாலசமுத்திரத்தில் தன் மாந்தோப்பில் போர் போடவென்று அவள் வைத்திருந்த எட்டு லட்சத்தை, ஒரே வருஷத்தில் திருப்புவதாகச் சொல்லிக் கேட்டார். அண்ணனிடம் என்ன பத்திரம் என்று அவள் எழுதி வாங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற பணமாயிற்றே என்று மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். அவர்கள் குடும்பத்தில் மஞ்சள் துணியில் முடிந்த பணம் என்றால் ஏழுமலையானுக்கு நேர்ந்த காணிக்கை. வேறு அர்த்தமே கிடையாது. அடக் கடவுளே, அவளுக்குத் தெரியாததா!

வருஷம் போயும் பணம் வராததால் அவள் வழக்குப் போட்டாள். சித்தூர் கோர்ட்டில் எத்திராஜ் அந்தத் துணியையே சாட்சியாகக் காட்டினார். "மஞ்சத் துணில முடிஞ்சி குடுத்தா காணிக்கை தானே? சாமிகிட்ட யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

"சாமிக்குன்னா நான் நேரா மலையேறிப் போயி உண்டியல்ல போட்டிருப்பேனே. உன் கையில ஏன்ணா குடுக்கறேன்?" என்றாள் செங்கமலம்.

ஒன்பது வருஷம், நாற்பத்தொரு வாய்தா. தோப்பில் எண்பது மரம் முப்பதானது. மிச்சத்துக்கு வளையலை விற்று டேங்கர் தண்ணீர் ஊற்றினாள். சத்திரம் புத்தூரைத் தாண்டிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னபோது அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. கல்லுக்கும் மண்ணுக்கும் இருக்கிற ரோஷம் கூடப்பிறந்தவனுக்கு இல்லையே என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுத் திட்டினாள்.

கடைசியில் நீதிபதி ஒன்றே ஒன்று கேட்டார்: காணிக்கை என்றால் அது மலைக்குப் போன ரசீது எங்கே? எத்திராஜிடம் இல்லை. கடன்தான் என்று தீர்ப்பானது. அவரிடம் பணமும் இல்லை. சத்திரத்தை ஜப்தி செய்ய அலிபிரிக்குப் போன கோர்ட் அமீனா வெறும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டே பாலசமுத்திரம் வந்தார். பட்டுப்போன ஐம்பது மரம் நின்ற இடத்தில் சத்திரம் நின்றிருந்தது. தன் நானூறு அடி போரையும் கூடவே கூட்டி வந்திருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. சொத்து ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டது என்று அமீனா தெலுங்கில் எழுதி, செங்கமலத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம் எத்திராஜ் வந்து வாசலிலேயே நின்றார். வாய்க்காலில் தண்ணீர் மாமரங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கடன் தீந்துச்சின்னு எழுதிக் குடுத்துடும்மா."

"அசலு தீந்துச்சி. வட்டி?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செங்கமலம் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வெயில்ல ஏன் நின்னுகினு கீற? உள்ள வந்து துன்னு. அப்பால அந்தக் கரண்டிய எடு."

தமிழ்நாட்டுப் பக்கமிருந்து திருப்பதிக்கு நடப்பவர்கள் இப்போது அங்கே தங்குகிறார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் சாம்பார் ஊற்றுகிறவர் எத்திராஜ்.