எண்ணெய்க்கு மேல் ஒரு டின்

சீவரத்தினம் ஐயா விலை கேட்கவில்லை. என் உதிரிபாகக் கடை வாசலில் நான் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த, எஞ்சின் எண்ணெயில் கலக்கும் மருந்தின் சிவப்பு டின்களைக் காட்டி, "அதுல ரெண்டு எடு தாவூத்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கிள்ளான் துறைமுகத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்பார்க் பிளக் வாங்குவதற்கும் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் என்னிடம் வருவார். "நீ வியாபாரியா, கொள்ளைக்காரனா?" என்று அன்பாக ஆரம்பிப்பார். அவர் குறைப்பதற்கென்றே நான் விலையில் கொஞ்சம் ஏற்றி வைத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். கடைசியில் ஒரு துடைக்கும் துணியாவது சும்மா வாங்காமல் படி இறங்கமாட்டார். துணிக்கடை வைத்திருந்த என் வாப்பா, பேரம் பேசாமல் வாங்கும் ஆளைக் கண்டால் அளப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவார். வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஐயா உட்காரவில்லை.

வெளியே அவருடைய சாகா கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. பின் சீட்டில் தலையணை, மேசை விசிறி, அவர் மனைவி இராசேஸ்வரி வறுத்து அரைத்துக் கொடுத்த தூள் போத்தல்கள். கதவில் சாய்ந்து நின்றாள் மகள் ரமணி. தூரத்தில் காட்டுப் பக்கம் இருக்கும் குவா மூசாங்கில் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. வண்டி இனி அவளுக்கு. தனியாக ஓட்டிக்கொண்டு இங்கிருந்தே கிளம்புகிறாள். எண்ணெய் புதிதாக இருக்கவேண்டும் என்று புறப்படுகிற காலையில் வண்டியைக் கொண்டு வந்தவர் ஐயாதான். பழையதை வடித்து, ஃபுல்லி சிந்தெடிக் என்ற உயர்ரக எண்ணெயை ஊற்றி முடித்திருந்தேன். அந்த வருஷம்தான் அது எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. விலையைக் கேட்டாலே எஞ்சின் நின்றுவிடும். அதற்கும் ஐயா பேரம் பேசவில்லை.

"ஐயா, இந்த எண்ணெய்க்கு அது வேணாம்லா. வேண்டியதெல்லாம் கம்பெனிக்காரனே கலந்துதான் அனுப்பறான்."

"வேணாத சாமானையா வாசல்ல கோபுரம் கட்டி வச்சிருக்க?"

பெஞ்சில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த டாக்சிக்கார வேலாயுதம் நிமிர்ந்தார். "நல்லா கேளுங்க ஐயா. போன வாரம் எனக்கு விக்கறப்ப எஞ்சினுக்கு டானிக்னாரு. இன்னைக்கு பாய்க்கு வியாபாரத்துக்கு லீவு போல."

"உங்க வண்டி போற பக்கமெல்லாம் கொசு மருந்து அடிக்குது வேலாயுதண்ணே. அதுக்குக் கெட்டியா எதையாவது ஊத்துனாதான் புகை அடங்கும். இது அப்படியா?"

ஐயா சிரிக்கவில்லை. ஒரு டின்னை அவரே எடுத்தார், ஸ்குரூடிரைவரால் மூடியை நெம்பித் திறந்தார். "ஊத்துனா கெட்டுடுமா? அத மட்டும் சொல்லு."

"கெடும்னு சத்தியம் பண்ணமாட்டேன். உப்பு சரியா இருக்கற குழம்புல இன்னொரு கை போடுவீங்களா? கலவை மாறிடும் ஐயா."

"குவா மூசாங் ரோட்டுல பாலாக் லோரி வரும் தாவூத். ஒவ்வொண்ணும் முழு மரத்தை ஏத்திக்கிட்டு வரும். நடுவுல நின்னா கூப்பிட ஒரு வீடு கிடையாது. பிள்ளை தனியா போகுது." டின்னோடு வண்டியை நோக்கி நடந்தார்.

ரமணி வழியில் நின்றாள். "அப்பா, பேட்டரி மாத்தியாச்சு, டயர் மாத்தியாச்சு, பிரேக் மாத்தியாச்சு. மிச்சம் நான் ஒருத்திதான்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்க மக மரியம் போறதா இருந்தா ஊத்துவீங்களா?"

கோபுரம் எனக்குப் பின்னால் இருந்தது. வேலாயுதம் எனக்கு முன்னால் இருந்தார். இந்த டின்னில் இன்னும் கொஞ்சம் விற்றால் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு இலவசப் பயணம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். மனைவி ஹபீபா பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

"ஊத்தமாட்டேன்மா" என்றேன்.

ஐயா என் முகத்தையே பார்த்தார். எத்தனையோ வருஷமாக நான் சொன்ன எந்த விலையையும் நம்பாத கண்கள். பிறகு டின்னை என்னிடம் நீட்டினார். டின் சரிந்ததில் இரண்டு சொட்டு தேன்போல இழுத்துக்கொண்டு என் சட்டையில் விழுந்தது.

"தொறந்த டின்னுதானே பாய், பாதி விலைக்குத் தருவீங்களா?" என்றார் வேலாயுதம்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

நான் எண்ணெய் மூடியைத் திருகி, அளவுக் கம்பியை இழுத்துக் காட்டினேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கம்பியை மறுபடியும் துடைத்து நுழைத்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதே அளவுதான். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பானட்டை இறக்கி இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினார்.

ரமணி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். புது எண்ணெயில் எஞ்சின் சத்தமே தெரியவில்லை. "ஓடுதா?" என்றார் ஐயா. "ஓடுதுப்பா." சந்தேகம் தீராதவர்போல வலது கையை பானட்டின்மேல் வைத்துக் குனிந்தார்.

குனிந்தவர், கையை எடுத்தால் வண்டி கிளம்பிவிடும் என்பதுபோல நிமிராமலே நின்றார். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான். ரமணி ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தாமல், இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, கண்ணாடி வழியாக அப்பாவின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உள்ளங்கைக்கு அடியில் தகரம் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.