சம்பந்தி கையில் ஃபேன்

மெலிஸ் தன் பழைய காரின் ரேடியேட்டருக்கு மின்சார ஃபேன் மாட்டியபோது, அதிக மின்சாரத்தைத் தாங்குகிற ரிலே வைக்கவில்லை. வீட்டு விளக்குக்கு இழுக்கிற மெல்லிய வயரையே இழுத்து, டேஷ்போர்டில் ஒரு குட்டி சுவிட்சைப் பொருத்தி, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான். தொக்தகூல் சமவெளியில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. அலா-பெல் கணவாய் ஏற்றத்தில் ஃபேன் விடாமல் சுற்ற வேண்டி வந்ததும், சுவிட்சு மெழுகுவர்த்தி போல உருகி வழிந்தது.

"மாப்பிள்ளை, ஏதோ கருகுது" என்றாள் முன்சீட்டில் இருந்த மாமியார் புருல்சா.

"என் மகன் போட்ட வயருதான். வேற என்ன?" என்றார் பின்சீட்டிலிருந்து அப்பா அசனாகூன். மகனிடம்தான் சொன்னார். சம்பந்திகள் இருவரும் கல்யாணத்திலிருந்தே பேசுவதில்லை. அவள் கல்யாணச் சீராக அனுப்பிய குதிரையைப் பார்த்து, "குதிரையா இது, தோல் போர்த்தின ஏணியா?" என்று அன்று பந்தியில் கேட்டுவிட்டார் அவர். இன்று பேரனின் தொட்டில் விருந்துக்காக, புதுத் தொட்டிலையும் ஏற்றிக்கொண்டு, ஒரே காரில் பிஷ்கெக் போகிறார்கள்.

மெலிஸ் காரை ஓரங்கட்டினான். பேட்டரி பின்சீட்டின் அடியில் இருந்தது. செத்த பேட்டரிக்கு அடுத்த வண்டியிலிருந்து உயிர் கொடுக்கிற தடித்த சிவப்பு வயரை எடுத்து, ஒரு முனையை ஃபேனில் கட்டி, மறுமுனையைப் பின் ஜன்னல் வழியாக அப்பாவின் கையில் கொடுத்தான்.

"பேட்டரியில கவ்வவிட்டா ஃபேன் ஓடும், எடுத்தா நிக்கும். எப்பவும் ஓடவிடாதீங்கப்பா, பேட்டரி படுத்துரும். அத்தை, சூடு காட்டுற முள்ளு உங்க பக்கம்தான் இருக்கு. சிவப்புக்கிட்ட வந்தா சொல்லுங்க."

கார் ஏறியது. கொஞ்ச நேரத்தில் புருல்சா, "மாப்பிள்ளை, முள்ளு ஏறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"அப்பா, முள்ளு ஏறுதாம்."

"எவ்வளவு ஏறுதுன்னு கேளுடா."

"அத்தை, எவ்வளவு..."

கேள்வி போய்ச் சேர்வதற்குள் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியது. இறங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து, ஓடைத் தண்ணீர் ஊற்றினார்கள். மெலிஸ் கைகூப்பாத குறையாகச் சொன்னான்: "நான் நடுவுல இல்லாம நீங்களே பேசிக்கங்க. இல்லாட்டி தொட்டிலத் தலையில வச்சுக்கிட்டு நடந்துதான் போகணும்."

அடுத்த வளைவில் புருல்சா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள்: "போடு!"

அசனாகூன் ஜன்னல் வழியே மலையை வேடிக்கை பார்த்தார்.

"போடுன்னேன்!"

"போடுங்கன்னு சொன்னா காது கேக்கும்."

"அப்பா!" என்று அலறினான் மெலிஸ்.

"முள்ளு சிவப்பத் தொடுது... போடுங்க சம்பந்தி, போடுங்க! உங்க காதுல இடி விழ!"

பொறி பறந்தது; ஃபேன் உறுமியது; முள் இறங்கியது. கணவாய் உச்சி வருவதற்குள் இருவரும் கைதேர்ந்துவிட்டார்கள்.

"எடுங்க."

"எடுத்தாச்சு."

"இவ்வளவு சுறுசுறுப்பா ஆளு? என் குதிரையக் குறை சொல்ல மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்."

மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தான் மெலிஸ். ஆனால் அப்பா தொண்டையைச் செருமினார். "ஒல்லிதான். அதுல மாத்தமில்ல. ஆனா குட்டி போட்டதுலேருந்து பாலு நிக்காம சுரக்குது. இந்தக் கிமிஸ் அது பாலப் புளிக்கவச்சதுதான்." குடுவையை முன்னால் நீட்டினார்.

புருல்சா ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்தாள். "புளிப்புப் பத்தல" என்றாள். குடுவையைத் திருப்பித் தரவில்லை.

கரா-பால்தாவில் ஒரு மெக்கானிக் உருகிய சுவிட்சைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ரிலேயும் ஃபியூஸும் தடித்த வயரும் போட்டு, சூடானால் ஃபேன் தானே ஓடும்படி செய்தார். இனிமேல் இவர்கள் பேசத் தேவையில்லை, பழையபடி வாயை மூடிக்கொள்வார்கள் என்று மெலிஸ் நினைத்தான்.

"சின்ன வயசுலயே இவன் இப்படித்தான் சம்பந்தி. ரேடியோவப் பிரிச்சு மாட்டி, ரெண்டு ரேடியோவுக்கு ஆகுற சாமான மிச்சம் வச்சான்."

"என் பொண்ணு வீட்டு இஸ்திரிப் பெட்டியத் தொட்டா ஷாக் அடிக்குதாமே? அதுவும் இவரு கைவண்ணந்தானா?"

பிஷ்கெக் வரும்வரை ஓயவில்லை. வாசலில் குழந்தையோடு நின்ற மனைவி அய்பேரி, இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துப் பதறி, மெலிஸை ஓரமாக இழுத்தாள்.

"வழியில சண்டையா?"

"வழி முழுக்க" என்றான் மெலிஸ், முகமெல்லாம் சிரிப்பாக.