ரஹமத்துன்னிசாவின் தலையணை

முப்பது வயது மகனைக் கடைவாசலில் வைத்து அறைந்துவிட்டு, கத்தரிக்கோலும் கையுமாகச் செங்கம் சாலையில் விறுவிறுவென்று நடந்தார் மதார் சாகிப். மனுஷன் பொல்லாத கோபக்காரர் என்று தெருவுக்கே தெரியும். அழுதுகொண்டு நடந்ததைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மெத்தைக் கடைக்காரர் அவர். புத்த தியானக் கூடத்துக்கு, உட்காருவதற்கு நாற்பது திண்டுகள் அவசரமாகக் கேட்டிருந்தார்கள். பஞ்சு கம்மியாகிவிட்டது. மகன் முபின் வீட்டு பீரோவைக் குடைந்து, பழந்துணிக்கு அடியில் கிடந்த தலையணையைக் கிழித்து, அந்தப் பஞ்சையும் திண்டுகளில் அடைத்து அனுப்பிவிட்டான். போன வருடம் மவுத்தாகிப்போன ரஹமத்துன்னிசாவின் தலையணை அது. மனைவியின் தலை எண்ணெய் வாசனைக்காக மதார் சாகிப் அதை ஒளித்து வைத்திருந்தார். தினமும் தொழுகை முடிந்ததும் ஒருமுறை முகத்தில் வைத்துக்கொள்வார். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

கூடத்தை நடத்தும் சைலஜா விஷயத்தைக் கேட்டு, "பாருங்க பாய்" என்று வழிவிட்டார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: துக்கத்துக்குக் காரணம் பற்று. எழுதுகிறவர்களுக்கு என்ன, சாக்பீஸ் இருந்தால் போதும்!

ஒவ்வொரு திண்டாக எடுத்து முகர்ந்தார். பதினெட்டாவதில் கை நின்றுவிட்டது. வாசனை வந்ததால் அல்ல. பழைய பஞ்சையும் புதுப் பஞ்சையும் ஒன்றாகத்தான் மிஷினில் போட்டு அடித்திருப்பான். அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. நாற்பதிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். எதைக் கிழித்தாலும் தலையணை திரும்பாது.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"தலையணை போயிடுச்சும்மா. பற்று போகலையே. இதுக்கு போர்டுல என்ன எழுதுவீங்க?"

வகுப்பு என்றால் சைலஜா சரளமாகப் பேசியிருப்பார். இப்போது எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

"உங்க பையனுக்கும் அவங்க அம்மாதானே, பாய்?"

ஒரு வருடமாக மதார் சாகிப் தன் துக்கத்தை மட்டும் பூட்டிவைத்துக் காவல் காத்திருக்கிறார். அதே வீட்டில் இன்னொருவன் தாயை இழந்து நின்றது கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது.

வெளியே கேட்டருகே முபின் நின்றிருந்தான். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. குப்பையிலிருந்து பொறுக்கி வந்த தலையணை உறையை நீட்டினான்.

"தெரியாம பண்ணிட்டேன் அத்தா. இதுல இன்னும் வாசனை இருக்குது. வச்சுக்கங்க."

பிடுங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார். இருந்தது. அதே எண்ணெய். பிறகு அதை மகன் கையில் வைத்தார். விரல்கள்தான் உடனே விடவில்லை.

"நீ வச்சுக்கோடா. நான் ஒரு வருஷம் வச்சிருந்தேன்."