எல்லாருக்கும் முழுப்பேர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. குழுக்களைப் பயிற்றுவிக்க உதவும் கருவிகளும் அணுகுமுறைகளும் பற்றிக் கொழும்பில் ஒரு கைநூல் தயாராகிறதாம். அதற்கு இரண்டு பக்கத்தில் ஒரு வெற்றிக்கதை வேண்டும், தோட்டம் வந்தால் நல்லது, தொழிலாளி அப்பாவியாக இருக்கட்டும் என்றார்கள்.

முதல் ஆரம்பம்: "பனி போர்த்திய மலைகளின் மடியில், பச்சைக் கம்பளம் விரித்த—"

(அடித்துவிட்டேன். கம்பளத்தில் அட்டை ஊர்ந்தது.)

இரண்டாவது: "மாற்றத்தின் விதை சுரேந்திரன் என்ற இளைஞனின் தோள்பையில்—"

(அதுவும் போகட்டும். பையில் இருந்தவை மார்க்கர் பேனைகள், சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள், ஒரு சுருள் பெரிய தாள், அம்மா கட்டிக் கொடுத்த இடியப்பம்.)

மூன்றாவது ஆரம்பத்தை உங்கள் தலையில் கட்டுகிறேன். 2003. குருவிட்ட பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன் சுரேந்திரன், கொழும்பில் குழுப்பயிற்சி கோர்ஸ் ஒன்று முடித்துவிட்டு, புளத்கொகுபிட்டியவிலிருந்து திரீவீல் பிடித்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தான். தோட்டத்துச் சனத்துக்குச் சேலை விற்ற குடும்பம்தான். ஆனால் அந்தச் சேலைகள் எங்கே போகின்றன என்று பார்க்க அவன் மலை ஏறியது இதுவே முதல் தடவை.

வந்த வேலை இது. மேல்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு புள்ளக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். அதை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழ்க்கணக்குக்கு அனுப்பக் கம்பெனி முடிவெடுத்தாயிற்று. மிச்சம் ஒன்றுதான்: அந்த முடிவைப் பெண்கள் தாங்களாகவே எடுக்க வேண்டும். எடுக்கவைத்தால் கம்பெனியின் மற்றத் தோட்டங்களில் இதே வேலையும் சுரேந்திரனுக்கே.

கொழுந்தெடுக்கிறவர்களில் ராஜத்துக்குக் கைப்பிள்ளை. மேல்கணக்கு என்றால் மலையிலிருந்து ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கீழ்க்கணக்கு வரை இறங்கி ஏறினால் அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான்.*

* தோட்டத்தில் "பேர்" என்பது செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் வேலை. முழுநாள் நின்றால் முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர், அரைச்சம்பளம். இது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சுரேந்திரனுக்குத் தெரியாது. துணிக்கடையில் பேர் என்றால் பேர்தான்.

2

முதற்கருவி, வட்டம். இடம், அதே புள்ளக்காம்பரா. சேலைத் தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கின.

"வட்டமா உக்காருங்கம்மா. வட்டத்துல பெரியவங்க சின்னவங்க கெடையாது."

"எழவு வீட்லதான் சேர் நாங்க வட்டமா உக்காருவோம்," என்றாள் தங்கம்மா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "யாரு செத்தது?"

பயிற்றுவிப்பவர் பதில் சொல்லக்கூடாது, கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது கோர்ஸில் படித்த அணுகுமுறை.

"யாருன்னு நீங்க நெனைக்கிறீங்க?"

தங்கம்மா கூரையிலிருந்து தரைவரை ஒருமுறை பார்த்தாள். "இந்தக் காம்பராதான் போல."

சுரேந்திரன் இதற்கும் தலையாட்டினான். தலையாட்டுவதும் ஒரு கருவி.

3

இரண்டாவது கருவி, கூச்சம் போக்குதல்.

"மொதல்ல பேர். எனக்கு முழுப்பேர் வேணும். அரைகுறை வேணாம்."

தங்கம்மா மெதுவாக, "எல்லாருக்குமா சேர்?"

"எல்லாருக்கும்."

"இன்னிக்கு ஒரு கொழுந்துகூட எடுக்கலியே."

"எடுத்தா என்ன, எடுக்காட்டி என்னம்மா? முழுப்பேர் உங்க உரிமை."

கை தட்டினார்கள். கோர்ஸில் இருபது பேருக்கு முன்னால் ஒத்திகை பார்த்தும் வராத கைதட்டல். அவனுக்குக் கண் கலங்கியது. (கலங்கியது என்பது கூடுதலாக இருந்தால் வாசகர் துடைத்துக்கொள்ளலாம்.)

ராஜம் கேட்டாள்: "புள்ளைக்குப் பால் குடுக்கப் போனாலும் அரைப்பேர் இல்லீங்களா?"

மூன்றாவது கருவி, எதிரொலி. ஒருவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொன்னால் அவர் மனம் திறக்குமாம்.

"பால் குடுக்கப் போனாலும் அரைப்பேர் இல்ல," என்றான் சுரேந்திரன், நெஞ்சில் கைவைத்து. "முழுப்பேர்."

"எழுதிருங்க சேர்," என்றாள் ராஜம்.

நான்காவது கருவி இருக்கவே இருக்கிறது: குழு ஒப்பந்தம். பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதினான். "பால் கொடுக்கப் போகும் தாய்க்கும் முழுப்பேர்." கவிதை மாதிரி இருந்தது. ஒப்பந்தத்தில் மேலதிகாரியும் கையெழுத்து வைத்தால் நம்பிக்கை வளரும் என்று கோர்ஸில் சொல்லியிருந்தார்கள். பிளேன்டி குடிக்கும் நேரத்தில் தோட்ட மேனேஜரான பெரிய துரை எட்டிப் பார்த்தார். தமிழ் பேசுவார், அவருடைய தமிழை. வாசிக்கத் தெரியாது.

"டீம் வேல நல்லாப் போறது?"

"நல்லாப் போகுது சேர். குழு ஒப்பந்தம். ஒரு கையெழுத்து வேணும்."

"ஹரி, ஹரி."

சிங்களத்தில் சரி, சரி என்றுவிட்டுப் பச்சை மார்க்கரில் பெரிதாகப் போட்டார்.

4

பிறகு வாக்கெடுப்பு. தாளை மிச்சம் பிடிக்க (கடைப்புத்தி) அதே தாளின் கீழ்ப்பாதியில் இரண்டு கட்டம்: மூடலாம், மூட வேண்டாம். ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு.

ராஜம்தான் முதலில் எழுந்து மூடலாம் என்பதில் ஒட்டினாள். "முழுப்பேர் உண்டுன்னா எந்தக் காம்பரான்னா என்ன? நடந்துட்டு வர்றேன்." மற்றவர்களும் ஒட்டினார்கள். கட்டம் அம்மை போட்ட முதுகு மாதிரி ஆயிற்று.

இங்கே எனக்கு ராஜத்தின் மேல் சந்தேகம். பஜார்ப் பையன் வேறு பேரைச் சொல்கிறான் என்பது அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லையா? எழுதச் சொன்னபோது அவள் முகத்தை நான் சரியாக எழுதவில்லை. "ராஜம் ஒரு கணம் சுரேந்திரனைப் பார்த்து—" என்று தொடங்கினேன். எப்படிப் பார்த்தாள் என்று முடிக்கத் தெரியவில்லை. கைநூல்காரர்கள் கேட்டது அப்பாவியை. இவளை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று யோசனையாக இருக்கிறது.

5

பெண்கள் கலைந்த பிறகு, கதவைப் பூட்ட வந்த கணக்கப்பிள்ளை பழனியப்பன் தாளை வாசித்தார். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியுமா?"

"பேர்னா அடையாளம். சுயமரியாதை…"

"செக்ரோல் பேருய்யா அது. துரையவே கையெழுத்துப் போட வச்சிருக்கீங்க. யூனியன்காரன் இத்தன வருசமாக் கத்தியும் கெடைக்காதது." சிரிப்பு நின்றது. "துரைக்கு வெளங்கினா, மத்தத் தோட்டம் ஒங்களுக்கு இல்ல."

சுரேந்திரன் தாளைப் பார்த்தான். கீழ்ப்பாதி துரைக்கு வேண்டும். மேல்பாதி துரை கண்ணில் படக்கூடாது. நடுவில் மடித்து நகத்தால் அழுத்தினான். கிழித்தால் நேராகக் கிழியும்.

அப்போது வாசலில் ராஜம், இடுப்பில் பிள்ளையோடு.

"தாளைத் துரைகிட்ட காட்டத்தானே போறீங்க சேர்? நானும் வர்றேன். மேலருந்து கீழ வரைக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

"மேலருந்து கீழ வரைக்கும்…" எதிரொலி பாதியில் நின்றது.

"ஆமாங்க," என்று தாளின் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

6

(அ) அவன் முழுதும் வாசிக்கிறான். துரை பொட்டுகளை வைத்துக்கொண்டு பேரை மறுக்கிறார். ராஜத்துக்குக் காம்பராவும் இல்லை, பேரும் இல்லை.

(ஆ) கிழிக்கிறான். முடிவு அதேதான், துரைக்குச் சிரமமில்லாமல்.

(இ) பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து மற்றக் கட்டத்தில் ஒட்டுகிறான். அவன் அப்படிப்பட்டவனா என்று தெரியாததால் இதை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

கைநூலுக்கு (ஆ) பொருந்தும். நான் அனுப்பவில்லை. தாளின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில், நடுவில் அந்த மடிப்பு. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறுதலாக யோசிக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். விடிந்தால் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவார்கள், அதற்குள் பிள்ளையை எந்தக் காம்பராவில் விடுவதென்று ராஜத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.