பெட்டிக்குள் கேட்ட பேச்சு

செத்துப்போன இளையபெருமாளைச் சுடுகாட்டுக்குத் தூக்குவதற்கு முன்னால் அவருடைய மகன் மைக்கில் பேசுவான் என்று அவர் அண்ணன் செல்லதுரை காலையிலிருந்தே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகன் சூர்யபிரகாஷ் வளைகுடாவில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையில் இருந்தான். நினைத்தவுடன் கிளம்பி வர அது மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு இல்லை. கம்பெனிக்காரர்கள் மனமிரங்கி, சாயங்காலம் ஆபீஸ் போனில் கொஞ்ச நேரம் பேசிக்கொள் என்று விட்டிருந்தார்கள்.

அவன் பேசுவதில் அம்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. என்ன பேசப் போகிறான் என்பதுதான் பயம்.

அம்சம் அவனுடைய அக்கா. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் அப்பாவோடு கிடந்தவள் அவள்தான். கடைசியாக நினைவு இருந்தபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொள்ளிய நீயே வைம்மா. தம்பி வர முடியாது. வேற எவனும் வேணாம்" என்றார். சரியென்று வாக்குக் கொடுத்தாள். அவர் சொன்னதைக் கேட்டது அவளும் தலைமாட்டில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலும்தான். பாட்டில் சாட்சி சொல்லுமா?

"பொம்பள கொள்ளி வைக்கிறதாவது?" என்றார் செல்லதுரை. "எம் பையன் பரிதி எதுக்கு இருக்கான்? சூர்யாகிட்ட காலையிலயே பேசிட்டேன். சரின்னுட்டான். ஊரு கேக்க அவன் வாயாலயே சொல்லுவான் பாரு."

அம்சத்துக்குத் தெரியும். தம்பி அப்படிச் சொல்லக்கூடியவன்தான். பெரியப்பா அதட்டினால் அவனுக்கு எல்லாமே சரி.

வயல் வேலையோடு இளையபெருமாள் மைக்செட்டும் வைத்திருந்தார். இப்போது அதை ஓட்டுவது அம்சம். அவர்களுடைய புது ஆம்ப்ளிஃபயர் கூத்தாநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. வாக்குக் கொடுத்த இடம், திருப்பிக் கேட்க முடியாது. அதனால் பரிதி பரணில் ஏறி, சித்தப்பாவின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டியை இறக்கி வந்தான். "சித்தப்பா பெட்டிக்கா. அவருக்கு அதுதான் பாடணும்" என்றான். பாவம், நல்ல பிள்ளை. அப்பா அந்தப் பெட்டியைத் தானே துடைத்து, தானே பழுது பார்த்து வைத்திருந்தார். வேறு யாரையும் அதில் கை வைக்க விட்டதில்லை.

மைக்செட் ஓட்டுவதில் அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே வேறொரு சாவு ஊர்வலம் வந்தாலோ, பரீட்சை நேரத்தில் வாத்தியார் வந்து சத்தம் போட்டாலோ, பெட்டியை அணைக்க மாட்டார்கள். சத்தம் கூட்டும் குமிழையும் தொட மாட்டார்கள். அது ஒருமுறை பொருந்தினால் பொருந்தியதுதான். பின்பக்கம் குழாய் ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயரை உருவி விடுவார்கள், அவ்வளவுதான். "ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பாத்துக்க. சும்மா ஓடுனா பெட்டிக்கு ஒண்ணும் ஆவாது" என்று அப்பா சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மனப்பாடம். அவர் சொன்னது புதுப் பெட்டிக்கு. பழைய பெட்டியைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை.

வெயில் தாழ்ந்தது. மேற்கே மழை கட்டிக்கொண்டு நின்றது. சுடுகாட்டிலிருந்து வெட்டியார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பறை நின்றது. போன் வந்ததும் பரிதி அதைப் பெட்டியின் மைக் ஒயரில் மாட்டி அம்சத்திடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். மாட்டுக் கொட்டகையில் பெட்டியும் அவளும் மட்டும்.

"அப்பா..." என்று வாசல் நுணா மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து தம்பியின் குரல் எழுந்தது. வாசலில் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். கடல் தாண்டி வந்த குரல் மெலிந்திருந்ததால் அவள் சத்தக் குமிழை முழுக்கத் திருப்பினாள்.

"அப்பா, என்னால வர முடியல. பெரியப்பா, காலையில நீங்க கேட்டீங்கள்ல, கொள்ளி விஷயம்..."

சொல்லப் போகிறான். சொல்லிவிட்டால் முடிந்தது, ஊர் கேட்ட சொல்லை மாற்ற முடியாது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு மண்ணாய்ப் போகும். அம்சம் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பின்பக்கம் போய் ஒயரை உருவியது. குழாய் ஓய்ந்தது.

"லைன் கட்டாயிடுச்சா?" என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. பெட்டி பேசியது. குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை; உள்ளே இருந்த இரும்பு டிரான்ஸ்பார்மர் அதிர்ந்து, கொசு ரீங்காரம் போல் தம்பியின் குரலில் பேசியது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"...சரின்னுட்டேன். ஆனா மனசு கேக்கல பெரியப்பா. அப்பாவப் பாத்துக்கிட்டது அக்கா. கொள்ளி அக்காதான் வைக்கணும். ஊர்ல எல்லாரும் கேட்டுக்குங்க. மகன் நான் சொல்றேன், எங்க அக்கா அம்சம்தான் வைக்கணும்."

அடப் பாவி! அதைக் கொஞ்சம் முன்னால் சொல்லக் கூடாதா?

ஒயரைச் செருகப் போனாள். அவசரத்தில் ஓட்டை எது, திருகு எது என்று தெரியவில்லை. மதகை அடைத்துவிட்டு வாய்க்காலில் நிறைய தண்ணீரைத் திறந்துவிட்டால் கரை என்ன ஆகும்? குழாய் இல்லாமல் முழுச் சத்தத்தில் ஓடிய வால்வு பெட்டிக்கும் அதே கதிதான். உள்ளே நீலமாய் ஒரு பொறி பறந்தது. சடசடவென்று சத்தம், பிறகு தார் எரியும் நாற்றம். வால்வுகளின் சிவப்பு மெல்ல அணைந்தது. ஒயரைச் செருகினாள். குழாய் பேசவில்லை. போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அவனுக்குக் கொடுத்த நேரம் முடிந்து, லைன் போய்விட்டிருந்தது.

வாசலுக்கு ஓடி வந்தாள். "தம்பி என்னைத்தான் வைக்கச் சொன்னான் பெரியப்பா!"

"யாருக்குக் கேட்டுச்சு?"

"எனக்குக் கேட்டுச்சு. பெட்டிக்குள்ள கேட்டுச்சு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பரிதி போனில் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தான், கடல் கிடைக்கவில்லை. செல்லதுரை கொட்டகைக்குள் போய்ப் புகையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சே. எப்படிப் போச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. "நாந்தான் ஒயர உருவுனேன்."

"அக்கா சொல்றது நெசமாத்தான்பா இருக்கும்" என்றான் பரிதி.

"நெசம்னா ஏண்டா உருவுறா? தம்பி இவள வைக்கச் சொல்றப்ப இவளே போயி வாய அடைப்பாளா?" என்று கேட்டார் செல்லதுரை. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வி அது. தம்பியை நம்பவில்லை என்பதை அம்சம் எந்த வாயால் சொல்வாள்?

தூறல் விழ ஆரம்பித்தது. பாடையைத் தூக்கினார்கள். தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு பரிதி முன்னால் போனான். அவள் பக்கம் திரும்பவே அவனுக்குத் துணிவில்லை. பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். அம்சமும் அங்கேயே நின்றாள்.

மறுநாள் ஆண்கள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் அவள் போன் அடித்தது. தம்பி கரைக்கு வந்திருந்தான்.

"அக்கா, நான் பேசுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா."

"ஊருக்கே கேட்டுச்சா? பெரியப்பா ஒண்ணும் சொல்லலியே? அவர மீறிப் பேச எனக்குக் கையி காலெல்லாம் ஒதறுச்சுக்கா."

அம்சம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பெரியப்பாவோடு ஒருதரம் பேசினால் எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். இன்றைக்கு வேண்டாம்.

"அப்ப நீதான வச்ச?"

"நாந்தான்டா வச்சேன்" என்றாள்.

அந்தப் பக்கம் சூர்யபிரகாஷ் அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.