வளைவுக்குள் நான்கு கட்டம்

அம்பிகா பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. இரண்டாம் வருடம் படித்தாள். ப்ராஜெக்ட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது அரியலூர்ப் பக்கத்து ரயில்வே கேட் ஒன்றையும் அதற்கு வந்து சேரும் சாலையையும். அந்தச் சாலையில்தான் அவள் அப்பா ராசாங்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினார். நாளைக்கு ஆறு நடை.

முறை எளிதுதான். சாலையை ஏழரை மீட்டர் நீளக் கட்டங்களாக வெட்டிக் கம்ப்யூட்டருக்குள் போட வேண்டும். ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு வண்டியும் முன்னால் எத்தனை கட்டம் காலி என்று பார்க்கும். இடமிருந்தால் வேகம் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். சில வண்டிகள் காரணமே இல்லாமல் தயங்கும், ஓட்டுகிறவன் மனுசன்தானே. இவ்வளவு போதும், நெரிசல் தானாக உருவாகித் திரையில் பின்பக்கமாக ஊர்ந்து போகும். மோதல் மட்டும் நடக்கவே நடக்காது. முன்னால் இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்பது விதி.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு, கேட்டருகே டீக்கடை பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தபோது அந்த விதி அவளை உறுத்தியது. கேட்டிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி ஒரு வளைவு. இருபக்கமும் சீமைக்கருவேலம். அங்கே வருகிறவனுக்கு முப்பது மீட்டருக்கு மேல் தெரியாது. நான்கே கட்டம். பாரம் ஏற்றிய டிப்பர் நிற்க எட்டுக் கட்டமாவது வேண்டும்.

வளைவில் மட்டும் நான்கு கட்டம்தான் தெரியும் என்று விதியை மாற்றிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். கேட் பத்து நிமிடம் மூடியிருந்தால் ஒன்றுமில்லை. பதின்மூன்றாவது நிமிடம் வரிசையின் வால் வளைவுக்குள் போனது. அடுத்து வந்த டிப்பர் கடைசி வண்டியின் மேலேயே ஏறியது. ஒரே கட்டத்தில் இரண்டு வண்டி. மறுபடி ஓட்டினாள். இருபது தடவையில் பதினேழு தடவை அப்படித்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். கேட் மூடியிருந்தது.

“மூடி எவ்ளோ நேரமாச்சுண்ணே?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

“எட்டு நிமிசம் இருக்கும். கூட்ஸ் போயிருச்சு. எதுர்ல இன்னொன்னு வருதாம், அதும் போனாத்தான் தொறப்பாங்க.”

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவரிடம் சண்டை போட்டதே அவள்தான்.

லேப்டாப்பைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடினாள். டிப்பர், கார், டிப்பர், மினி பஸ். அவள் ஓட ஓட வரிசையும் நீண்டுகொண்டே போனது.

வளைவு தொடங்கும் இடத்தில் கடைசியாக ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே நூறு நாள் வேலைக்குப் போகும் ஏழு பெண்கள்.

“எறங்குங்க! எல்லாரும் எறங்கி வயக்காட்டுப் பக்கம் போயிருங்க!”

“யாரும்மா நீ? என்னா விசயம்?” என்றார் ஆட்டோ ஓட்டிய மணிவண்ணன்.

“பின்னாடி லாரி வரும். அதால நிக்க முடியாது. கையெடுத்துக் கும்புடுறேன், எறங்குங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்” என்றாள் அம்பிகா. அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

செல்வம்மாள் என்ற பெண் அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். “இந்தப் புள்ளைக்கு ஒடம்பே நடுங்குது. எறங்குங்கடி” என்று முதலில் கால் வைத்தாள். மற்றவர்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். மணிவண்ணன் மட்டும் அசையவில்லை. “வண்டிய வுட்டுட்டு நான் எங்க போவேன்?”

அம்பிகா துப்பட்டாவை உருவிக்கொண்டு வளைவைத் தாண்டி ஓடினாள். எதிரே மஞ்சள் டிப்பர். அப்பாவுடையதும் மஞ்சள். கத்தினாள், வீசினாள். பிரேக் அலறியது. ரப்பர் கருகும் நாற்றத்தோடு வண்டி அவளைக் கடந்து சறுக்கிக்கொண்டு போய், ஆட்டோவை முட்டிப் பள்ளத்தில் தள்ளியது. பெண்கள் ஓவென்று கத்தியது கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அடுத்த வண்டியை யார் நிறுத்துவது? இரண்டாவது டிப்பர் நின்றது. அதன் பின்னால் வந்து நின்றது அப்பாவின் வண்டி.

ராசாங்கம் குதித்து ஓடிவந்தார். “நடு ரோட்டுல நின்னியா? மொதல்ல வந்தது நானா இருந்தா… ஒன்னிய நானே…” டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மணிவண்ணனுக்கு வலது கால் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஏழு பெண்களும் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்த மனுவை அம்பிகாதான் எழுதினாள். ஒரு மாதத்தில் கருவேலத்தை வெட்டினார்கள். கேட் மூடும்போதெல்லாம் வளைவில் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நிற்கிறார். ராசாங்கம் நான்கு நாள் வண்டி எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் போனார்.

மனு கொடுத்த அன்று செல்வம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வரதராஜன்பேட்டை ரோட்டுலயும் இப்படி ஒரு வளைவு இருக்கு தாயி. எம்மவ அந்த வழியாத்தான் தெனம் வேலைக்குப் போறா. அதயும் பாத்துச் சொல்லேன்.”

சரி என்று அம்பிகா தலையாட்டினாள். போய் அளந்தும் வந்துவிட்டாள். கட்டங்கள் தயாராக இருக்கின்றன. ஆனால் போன தடவை திரையில் மோதியது சாலையிலும் மோதியதை நினைத்தால், ஓட்டிப் பார்க்கத்தான் இரண்டு வாரமாக அவளுக்குக் கை வரவில்லை.