வாசலில் நின்றுபோன பச்சை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த வீட்டில் கிருமிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. பச்சை நிறம், ரவை அளவு. முதலில் பார்த்தவள் மெஷின்காரரின் மனைவி. மெஷின்காரர் என்றால் மருத்துவமனையில் நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் மெஷினை ஓட்டுபவர். ஷிப்ட் முடிந்து வந்து அவர் செருப்பைக் கழற்றியபோது முழங்கை வரை பச்சையாக இருந்தார்.

போன வருடம் பிறந்த பிள்ளை பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பது இரண்டாவது. ஏழாம் மாதமே பிறந்து, நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தது. எடை ஒரு கிலோ எண்ணூறு.

"அங்கயே நில்லுங்க" என்றாள் அவள். ஒரு வாளித் தண்ணீரும் சிவப்புக் கிருமிநாசினி சோப்பும் வாசலுக்கு வந்தன. அவர் தேய்க்கத் தேய்க்கப் பச்சை உதிர்ந்தது. உதிர்ந்தவை படியைத் தாண்ட முடியாமல், டாக்டருக்குக் காத்திருப்பவர்களைப் போல அங்கேயே உட்கார்ந்துகொண்டன.

அதன்பின் பால்காரர், தபால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர் எல்லோரும் சோப்புப் போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். தகராறு வந்தது நாத்தனாரால். சளியும் இருமலுமாக பஸ்ஸில் வந்து இறங்கிய அவள் வாளியைப் பார்த்ததும் சிவந்துபோனாள். "என் தம்பி பிள்ளையத் தூக்க எனக்கு உத்தரவு வேணுமா?"

கல்யாணமாகி நான்கு வருடத்தில் மனைவி அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வாசலை மறித்து நின்றாள். "கையக் கொஞ்சம் பாருங்க அண்ணி."

நாத்தனார் பார்த்தாள். பச்சைக் கையுறை மாட்டியது போலிருந்தது. மூன்று தடவை கழுவினாள். மூன்றாம் தடவை அழுகை வந்துவிட்டது. போன பிள்ளையை முதலில் தூக்கியவள் அவள்தான். அன்றைக்கும் சளி இருந்தது.

"அப்ப யாருக்கும் தெரியல அண்ணி" என்று மனைவி துண்டை நீட்டினாள். "சளி போகட்டும். முதல்ல நீங்கதான் தூக்கணும்."

நாத்தனார் ஊருக்குத் திரும்பவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்கள் நகக்கண் வரை தேய்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். எட்டாம் நாள், இருமல் நின்றபின், பிள்ளையைத் தூக்கினாள். மழைக்காலத்தில் தெருவெங்கும் காய்ச்சல் புகுந்தது; அந்த வீட்டில் மட்டும் புகவில்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கழுவினார்கள், ஆளுக்கொரு வாளி தங்கள் வாசலிலும் வைத்தார்கள். மூன்று வாரத்தில் காய்ச்சல் தெருவை விட்டே போனது. மருத்துவமனையில் துவைக்க விரிப்பில்லாமல், பதினோரு வருடத்தில் முதல் முறையாக மெஷின் அரை நாள் சும்மா நின்றது. ஆறாம் மாதத்தில் பிள்ளை ஆறு கிலோவைத் தொட்டது. அது பசிக்கு அழுதால் தெருமுனை வரை கேட்டது.

வாசல்களில் சேரும் பச்சையைத் துப்புரவுப் பணியாளர் வாரத்தில் இரண்டு நாள் வந்து அள்ளிச் செல்கிறார். மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று மட்டும் ஒரு முறை கேட்டார்.